பெரியும் ஆச்சியும்

சென்ற மாரியில் ஆச்சி காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. ரயிலேறினால் இரண்டு நாள். விமானத்துக்குக் கையில் காசில்லை. அழுகையும் வரவில்லை. அதுதான் உறுத்தியது. ஆய்வுக்கூடத்தில் துலாக்கோலைப் பார்த்தபடி பொழுதைக் கழித்தேன்.

அந்த வாரம் ஓரிரவு, விடுதித் தோழன் ஓர் இசைப்பதிவைப் போட்டான். ஜெர்மானியரான ஷூமன் 1843-இல் லைப்சிக்கில் தாமே நடத்தி அரங்கேற்றிய ‘சொர்க்கமும் பெரியும்’. பெரி என்றால் பெரியவர் அல்லர், நண்பர்களே. பாரசீகக் கதைகளில் வரும் தேவமங்கை! அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூரின் ‘லாலா ரூக்’ (1817) தந்த கதை. வழிபாட்டுக்கன்று, இசையரங்குக்கென்றே எழுதிய சேர்ந்திசை. அன்று பெரும்புகழ் பெற்றது. பின்வந்தோர் மிகையுணர்ச்சி என்று ஒதுக்கினர். கார்டினர், ராட்டில் போன்றோரின் பதிவுகளால் மீண்டும் காதுக்கு எட்டுகிறது.

சொர்க்கவாயில் திறக்கப் பெரி காணிக்கை தேடுகிறாள். முதலில் வருவது நம் நாட்டுக்கே. கஜினி முகமதை எதிர்த்து மடிந்த இளைஞனின் கடைசி இரத்தத்துளியை ஏந்திச் செல்கிறாள், கதவு திறக்கவில்லை. முடிவில் திறப்பது, மனம் திரும்பிய பாவியின் கண்ணீருக்கு.

அந்தக் கண்ணீர் என்னை அசைக்கவில்லை. முதற்பாகத்தின் இறுதி முழக்கமும் சற்று நீளந்தான். ஆனால் அதற்கு முன்னே, இளைஞனின் அம்பு குறி தவறியதும், அத்தனை குரல்களும் தணிந்து அரற்றுகின்றன. ஆச்சி வீட்டு முற்றத்தில் பெண்கள் தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்திருப்பார்களே, அதுதான் கேட்டது.

தோழன் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.