சம்மதப் பத்திரம்

ராஜிநாமா என்ற சொல்லை மந்திரிகளோடு சேர்த்தே படித்துப் பழகியவர்கள் நாம். பாரசீகத்தின் வழியாக வந்த சொல் அது. 'ராஜி' என்றால் சம்மதம், உடன்பாடு. 'நாமா' என்றால் எழுத்து, பத்திரம். வழக்கில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் 'ராஜியாகிவிட்டார்கள்' என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வதுண்டு. இந்தியிலும் உருதுவிலும் அந்தச் சொல் சமரசப் பத்திரத்தையே குறிக்கிறது. பழைய பம்பாய் மாகாணத்து நிலவரி ஆவணங்களில், நிலத்தை விட்டுக்கொடுக்கும் ரயத்து எழுதித் தந்த தாளுக்கும் ராஜிநாமா என்றே பெயர். அந்த ரயத்துகளில் எத்தனை பேர் மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். காகிதம் ஒப்பியதாகச் சொல்லும், அதற்காகத்தான் காகிதம்.

வானூர் வட்டத்தில் நாங்கள் நான்கைந்து பேர், மாதம் ஒருமுறை கூடிக் கதைகள் படிப்பவர்கள். எழுதத் தெரிந்தவர்கள் என்ற பெயர் ஊரில் பரவியதில் மனு எழுதித் தரும் வேலையும் எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல் என்று தொடங்கியது, சில ஆண்டுகளாக வேறொரு வகைக்குத் திரும்பியிருக்கிறது. வேலை போனவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் ஒரு தாளின் நகல் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது. தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன், எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை. கீழே தமிழில் கையெழுத்து.

இந்த இடத்தின் அமைப்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். வானூர் வட்டம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் பிழைப்பு புதுச்சேரியைச் சேர்ந்தது. திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் காலையில் நின்று பார்த்தால் தெரியும், எத்தனை கம்பெனி வேன்கள் எல்லை தாண்டுகின்றன என்று. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி எனப் புதுவையின் தொழிற்பேட்டைகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஓட்டும் ரேஷனும் இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். வேலையில் தகராறு வந்தால் ஆலை எந்த அரசின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த அரசின் தொழிலாளர் துறைதான் விசாரிக்கும். தமிழ்நாட்டு வாக்காளர் புதுவைக்கு மனு கொண்டுபோக வேண்டும். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மனது வைத்தாலும் அந்தப் பக்கம் அவருக்கு அதிகாரம் கிடையாது. இது யாருடைய சதியும் அல்ல, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடத்தின் விளைவு.

அந்தப் பக்கத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுவையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலைத் தொழிலாளி என்றால் சங்கம் உண்டு என்பதுதான் எங்கள் தாத்தாக்களின் காலத்து அர்த்தம். 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை, ஊர் வாயில் ஏ.எஃப்.டி., 2013 முதல் 'லே-ஆஃப்' என்ற அரைச் சம்பளத்தில் கிடந்து 2020 ஏப்ரல் 30-இல் மூடப்பட்டது. மூடப்பட்டது என்று அறிவிக்கவேனும் ஒரு நாள் இருந்தது. இழப்பீடு பற்றிப் பேச, மறியல் செய்ய, ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல ஒரு தேதி. இப்போதைய சிறு தொழிற்கூடங்களில் அப்படி எதுவும் மூடப்படுவதில்லை. ஆட்கள் தாமாக விலகுகிறார்கள், ஒரே வாரத்தில் 20 பேர், எல்லோரும் சொந்தக் காரணங்களால்.

2023-இல் எங்களிடம் வந்தவர், நாங்கள் அக்கா என்று அழைக்கும் ஒருவர். ஆறு ஆண்டுகள் ஒரே இடத்தில் பொட்டலம் கட்டும் வேலை. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 11,700 ரூபாய். ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஒரு மாலை வரிசையாக அழைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"போட்டாத்தான் பி.எஃப். பணம் வரும்னு சொன்னாங்க தம்பி. நம்ம பணம்தானேன்னு போட்டுட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் பொய்யைப் பிரித்துக் காட்டவே எங்களுக்கு ஓர் இரவு பிடித்தது. வருங்கால வைப்பு நிதி எந்த வகையில் வேலை போனாலும் தொழிலாளியின் பணம்தான். விலகிய தேதியை நிர்வாகம் பதிவு செய்யவில்லை என்றால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்தபின் தொழிலாளியே இணையத்தில் பதிவு செய்துகொள்ள 2020 முதல் வழி இருக்கிறது. அதாவது, அந்தப் பணத்துக்கு ராஜிநாமா தேவையே இல்லை. ராஜிநாமா தேவைப்பட்டது நிர்வாகத்துக்கு.

ஏன் என்பது கணக்குப் போட்டால் புலப்படும். அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. அக்காவுக்கு முன்னறிவிப்புச் சம்பளம் 11,700, இழப்பீடு ஏறத்தாழ 40,000. தொழிலாளி தாமாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது, இரண்டும் கிடையாது. 20 பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் 10 லட்சத்தைத் தாண்டும். ஒரு கட்டுக் காகிதமும் ஒரு மாலை நேரமும் செலவழித்து மிச்சம் பிடித்த தொகை என்று பார்க்கையில் நல்ல வியாபாரம்தான்.

அதோடு முடியவில்லை. வேலையிழந்த காலத்துக்கு உதவித்தொகை என்று இந்த நாட்டில் ஏதாவது உண்டா என்றால், உண்டு. அது இருப்பது பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர்களுக்கு 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தியின் பெயரில் ஒரு திட்டம்: ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலை போனால் மட்டும். 2018 ஜூலை 1 முதல் அடல் பிகாரி வாஜ்பாயியின் பெயரில் இன்னொன்று: வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்கு. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 24 முதல், அது பாதியாக உயர்த்தப்பட்டது. நிர்வாகத்தின் வழியாக அல்லாமல் தொழிலாளியே நேரடியாகக் கோரவும் அனுமதித்தார்கள். அக்காவின் ஊதியத்துக்கு 20,000 ரூபாய் அளவில் வந்திருக்கும். ஆனால் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் அது இல்லை. 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, என் விருப்பமின்றி வேலை போயிற்று என்று எப்படி வாதிடுவது? அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சி.

தானாக விலகியவரை வேறாக நிறுத்தும் வழக்கம் பழையது. பிரிட்டன் 1911-இல் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்திலேயே, தக்க காரணமின்றித் தானாக வேலையை விட்டவருக்கும் தவறான நடத்தையால் நீக்கப்பட்டவருக்கும் ஆறு வாரங்கள் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆறு வாரம் கழித்தாவது கிடைத்தது என்பதையும், தக்க காரணம் இருந்ததா என்று கேட்கவேனும் அதில் ஓர் இடம் இருந்தது என்பதையும் நாம் கவனிக்கலாம். எங்கள் பக்கத்துத் தாளில் காரணத்தை அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் மாற்று ஏதேனும் உண்டா என்று தேடினோம். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கானது. வேலை பார்த்து இழந்தவர்களை அது நினைக்கவில்லை. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த நலவாரியங்கள் திருமணத்துக்கு, படிப்புக்கு, மரணத்துக்கு உதவுகின்றன, வேலையின்மைக்கு அல்ல. திருவக்கரையில் கல் உடைப்பவர்களுக்கு ராஜிநாமா என்ற தொல்லைகூடக் கிடையாது. மறுநாள் வரவேண்டாம் என்றால் முடிந்தது.

அக்காவுக்கு நாங்கள் பெற்றுத்தர முடிந்தது பணிக்கொடை மட்டும். அது ராஜிநாமா செய்தாலும் உண்டு. ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (நான்கு ஆண்டுகளும் ஐந்தாவது ஆண்டில் 240 நாட்களும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது பலருக்கு உதவியிருக்கிறது.) 11,700-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 40,500 ரூபாய். பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டிருந்தாலும் சட்டம் தரும் பணிக்கொடை அதனால் போய்விடாது. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் இரண்டு முறை எழுதினோம். இரண்டாம் கடிதத்தில் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற சொற்றொடர் இருந்தது. பணம் வந்தது.

மற்றதற்கு வழக்குப் போடலாம் என்றோம். மிரட்டியோ ஏய்த்தோ வாங்கிய ராஜிநாமா, பணிநீக்கமே என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாட்களில் முடியவில்லை என்றால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கையெழுத்து வாங்கின சூப்பர்வைசரு எங்க ஊருப் புள்ளதான். என் நாத்தனார இன்னும் உள்ள வச்சிருக்காங்க. வேணாம் தம்பி."

எங்களில் இளையவருக்குக் கோபம். பயந்தே கெட்டார்கள் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நாத்தனாரின் மாதச் சம்பளம் ஒரு பக்கம், எப்போது வரும் என்று தெரியாத 70,000 ஒரு பக்கம். அக்கா போட்ட கணக்கு நாங்கள் போட்டதைவிட முழுமையானது. நாங்கள் கூட்டியது ஒருவரின் வரவை, அவர் கூட்டியது குடும்பத்தின் வரவை. அதையும் மீறி வழக்குக்குப் போகும் ஒருவர் வரமாட்டாரா என்ற ஆசை எங்களுக்கு இருக்கிறது. அந்த ஆசைக்கு அவர் கடமைப்பட்டவர் அல்ல.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்திருக்கின்றன. நீக்கமோ ராஜிநாமாவோ, நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்கிறது ஊதியச் சட்டம், நல்லது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, அதுவும் நல்லது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் ஊதியம். ஆனால் விருப்பத்தின் பேரில் போனவர் ஆட்குறைப்புக்கு வெளியே என்பது அப்படியேதான் இருக்கிறது. பலன் கூடக்கூட அந்தத் தாளின் மதிப்பும் நிர்வாகத்துக்குக் கூடும் அல்லவா?

வைப்பு நிதி விதிகளில் ஒரு வினோதம் எங்கள் கண்ணில் பட்டது. 1952-ஆம் ஆண்டுத் திட்டத்தில், வேலையை விட்டவர் முழுத் தொகையை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, திருமணத்துக்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று விலக்கு அளித்திருந்தார்கள். பெண் வேலையை விடுவதற்கு அரசாங்கம் மனதாரப் புரிந்துகொண்ட ஒரே காரணம் அதுதான் போலிருக்கிறது.

இப்போது யாரேனும் கையெழுத்துக்கு முன்பே வந்தால் நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: அச்சடித்த தாளில் போடாதீர்கள், கேட்டால், வீட்டில் கலந்துகொண்டு எழுதித் தருகிறேன் என்று ஒரு நாள் வாங்குங்கள், எழுதத்தான் வேண்டும் என்றால் தமிழில், 'நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில்' என்று தொடங்கி எழுதுங்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அண்மையில் கிளியனூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். மேலாளர் படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டு, வேறு தாள் நீட்டாமல், போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாதச் சம்பளமும் வந்துவிட்டது. கிழித்த தாளின் நகலை அவர் எங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.