முட்டியும் கிண்ணமும்

மதுவைச் சுவைத்தற்கென்றே பயணம் செய்யும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றிய ஒன்று. பிரான்சின் போர்தோவுக்கோ அவுஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்குக்கோ விடுமுறையிற் செல்வோர், எந்தத் திராட்சைத் தோட்டத்தைப் பார்ப்பது, எந்த நிலவறையில் அமர்ந்து சுவைப்பது என்பதைப் பலவாறு ஆராய்ந்தே தெரிவு செய்வர். போர்தோவில் 1855ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தரவரிசை இன்றும் பெரும்பாலும் மாறாதிருக்கின்றது. தோட்டத்தின் பெயரும் அறுவடை ஆண்டும் போத்தலின் மேற் பொறிக்கப்படுகின்றன. ஆக, ஆங்கு மதுவுக்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, வயதும் உண்டு.

தமிழர்க்கும் மது புதியதன்று. யவனர் கலங்களிற் கொணர்ந்த தேறலைப் புறநானூறு கூறும். கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது திருக்குறள். உண்டவரையும் பாடினோம், உண்ணலாகாதென்றும் உரைத்தோம். ஆனால் மரமேறி அதனை இறக்குபவனைப் பற்றி நாம் பேசியது எவ்வளவு? இவ்வினாவைப் புத்தளக் கரையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எழுப்பிற்று.

பாலாவிச் சந்தியிற் பிரிந்து நுரைச்சோலையூடாகக் கற்பிட்டிக்குச் செல்லும் வீதியின் ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். வீதியின் முடிவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கின்றது. 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்த ஊர் இதுவே. ஊரறிய விரும்புவோர்க்கு அன்று அவர் நூல் வழிகாட்டியது. இன்று அப்பணியை விடுதிகளின் அறிவிப்புத் தாள்கள் செய்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்தபின் இக்கரையில் விடுதிகள் பெருகின. கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை ஓங்கில்களைக் காணவும், காற்றுப் பருவத்திற் பட்டங்கட்டி அலைமேற் சறுக்கவும் வெளிநாட்டார் வருகின்றனர்.

அத்தகைய விடுதியொன்றிற் பல்கலைக்கழக விடுமுறையின்போது வேலைக்கமர்ந்தான் கலைப்பீட மாணவன் ஒருவன். விருந்தினர்க்குச் சுற்றுலாக்களை விளக்குவதும் உடன் செல்வதும் அவன் பணி. 1984இல் நாட்டைவிட்டுச் சென்று பாரிசிற் குடியேறிய தமிழர் ஒருவர், தம் பிரெஞ்சு மனைவியாருடன் அங்கு வந்து தங்கினார். பிறந்த நாடே அவர்க்கு இப்பொழுது விடுமுறைக்கு வரும் பிறநாடு. ஆண்டுதோறும் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று பழகிய அவ்விருவரும், இவ்வூரின் மதுவையும் முறையாகச் சுவைத்துப் பார்க்க விரும்பினர்.

அறிவிப்புத் தாளில் மூன்று வழிகள் குறிக்கப்பட்டிருந்தன. இரவு விருந்தில் இசையோடு சிரட்டையிற் பரிமாறப்படும் கள் ஒன்று. தெற்கே சென்று சாராயம் வடிக்கும் முறையைக் காண்பது மற்றொன்று. விடியலிற் தென்னந்தோப்புக்குச் செல்வது மூன்றாவது.

“தம்பி, இவற்றுள் எதைத் தெரிவு செய்யலாம்?” என்று அவர் வினவினார்.

“இரவு விருந்துதான் நல்லது, ஐயா. தோப்பிற் பார்க்க ஒன்றுமில்லை” என்றான் மாணவன்.

அவன் அவ்வாறு கூறியதற்குக் காரணம் இருந்தது. அத்தோப்பில் மரமேறுபவர் அவனுடைய தந்தை. பல்கலைக்கழகத்திற் புகுந்த நாளில் நிரப்பிய படிவத்திலே ‘தந்தையின் தொழில்’ என்னுமிடத்தில் ‘கமம்’ என்று எழுதியவன் அவன். தொழிலைக் கொண்டு மனிதனை அளக்கும் சமூகத்தில் அச்சொல் அவனுக்கு ஒரு வேலியாயிற்று. விடுதியிலும் அதனை அவன் எவர்க்கும் சொல்லவில்லை.

விருந்தினர் விடவில்லை. “காலையில் இறக்கியதை இரவு வரை எப்படி வைத்திருக்கிறார்கள்? சுவை மாறாதா?” என்று கேட்டார்.

மாணவன் தன்னை மறந்து விளக்கத் தொடங்கினான். விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் நீர் துளித்துளியாக வடியும். வடியும்போது அதில் ஏறத்தாழ 15 சதவீதம் சீனி இருக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் நிற்கும். காய்ச்சினாற் பாகும் கருப்பட்டியும் ஆகும். சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் உடனே வேலையைத் தொடங்கிவிடும். விடியலில் இனிப்பது நண்பகலிற் கடுக்கும், மாலையிற் புளிக்கும், மேலும் வைத்தால் வினாகிரியாகும். வடித்தெடுத்த சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கள்ளை அவ்வாறு வைத்தல் இயலாது.

“அப்படியென்றால் உங்கள் மதுவுக்கு ஆண்டில்லை, மணிதான் உண்டு” என்றார் விருந்தினர். பின்னர், “இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?” எனவும் வினவினார்.

மாணவன் சற்றுநேரம் பேசவில்லை. “என் அப்பா சீவல் தொழில் செய்பவர்” என்றான்.

மறுநாள் விடியலில் மூவரும் தோப்புக்குச் சென்றனர். தந்தை முன்னரே ஏறத் தொடங்கியிருந்தார். களுத்துறைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் நடந்து தொழில் செய்வர். ஆனால் இத்தோப்பில் ஒவ்வொரு மரத்திலும் தனித்தனியே ஏறியிறங்க வேண்டும். அவருக்கு 30 மரங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காலிலே தளைநார், இடுப்பிலே பாளைக்கத்தியும் முட்டியும். மழை பெய்தாலும் காய்ச்சலென்றாலும் பாளை காத்திராது. ஒருநாள் சீவாவிட்டால் நுனி காய்ந்து நீர் குன்றும். நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், அவர் தரையில் கால் வைக்கும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

முட்டியில் மிதந்த தும்பும் எறும்பும் நீக்கப்பட்டபின் கள் கிண்ணங்களில் வார்க்கப்பட்டது. விருந்தினர் பழகிய முறைப்படி முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து நாவிற் புரட்டினார். திராட்சை மதுவைச் சுவைப்போர், பலவகையையும் தெளிந்த நாவோடு ஒப்பிடும்பொருட்டு, அருந்தாது உமிழ்ந்துவிடுவர். அவ்வழக்கத்தினால் அவர் உமிழ இடந்தேடி அப்பாற் திரும்பினார். தந்தையின் முகம் வாடிற்று. “சரியில்லையோ?” என்று கேட்டார். விருந்தினர் தந்தையைப் பார்த்தார், பின் மரத்தின் உச்சியைப் பார்த்தார், வாயிலிருந்ததை விழுங்கினார்.

“நீங்கள் குடிக்கவில்லையா?” என்று அம்மையார் கேட்டதை மாணவன் தமிழிற் சொன்னான்.

“நான் குடிச்சால் நாளைக்கு ஏறேலாது” என்றார் தந்தை. அவருடைய தமையனார் குடித்து ஏறி விழுந்து இறந்தவர். அதனை அவர் சொல்லவில்லை, மாணவனும் மொழிபெயர்க்கவில்லை.

விருந்தினர் பணம் நீட்டினார். தந்தை தயங்கி, “கள்ளுக்குக் காசு வாங்க எனக்கு உரிமமில்லை, அது தவறணைக்குப் போறது. ஏறினதுக்குக் கூலி தாங்கோ” என்றார். 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மதுவரிக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அக்காலத்தில் கள்ளுத் தவறணைகள் பெருகியதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம், இந்நாட்டு அரசியல் விழிப்புக்கும் ஓர் ஊற்றாயிற்று. அரசு வரியை எண்ணியது. இயக்கம் குடியாற் சீரழிந்த குடும்பங்களை எண்ணியது. இரண்டும் எண்ண வேண்டியவையே. ஏறுபவனின் கூலியை எண்ணியவர் எத்தனை பேர்?

திரும்பும் வழியில், மாலையில் தவறணையையும் காணலாமா என்று அம்மையார் கேட்டார். மாணவன் அழைத்துச் சென்றான். நாட்கூலியைக் கையிற் பிடித்து வந்தவர்கள் புளித்த கள்ளை நின்றபடியே பருகினர். வெளியே, வீதியின் எதிர்ப்புறத்தில், சிறுமியொருத்தி தந்தைக்காகக் காத்திருந்தாள். காலையில் இனித்த அதே கள்தான் அது. விருந்தினர் இருவரும் ஒரு கிண்ணமும் கேளாது திரும்பினர்.

மதுவைச் சுவைக்கச் செல்வோன் நல்ல சுற்றுலாவை எவ்வாறு தெரிவு செய்வது? கிண்ணத்தின் அழகைப் பார்த்தன்று. அது இறக்கப்பட்ட மரத்தையும், இறக்கிய கையையும், சென்றுசேரும் வாயையும் காட்டுவது எதுவோ, அதுவே தெரிவுக்குரியது. 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளமென்று கருதப்படும் துறையில் இறங்கிய இப்னு பதூதா, தென்னம்பாளையின் நீரைக் காய்ச்சித் தேன் செய்யும் முறையைத் தமது பயண நூலின் வேறோரிடத்தில் எழுதியுள்ளார். நாளுக்கு இருமுறை மரமேறுவோரையும் அவர் மறக்கவில்லை. பயணியின் கண் அவ்வாறு இருத்தல் வேண்டும்.

அடுத்த வாரம் விடுதியின் அறிவிப்புத் தாள் திருத்தி எழுதப்பட்டது. தோப்புச் சுற்றுலா முதலிடம் பெற்றது. ‘ஏறுபவர்க்குரிய கூலி தனி’ என ஒரு வரியும் சேர்க்கப்பட்டது. விடுமுறை முடிந்து மாணவன் பல்கலைக்கழகம் மீண்டான். உதவிப்பணத்துக்கான படிவம் ஒன்று காத்திருந்தது. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் அவன் பேனா வழக்கம்போல் ‘க’ என்று தொடங்கிற்று. சிறிது நின்றது. பின்னர், ‘கள் இறக்குதல்’ என்று எழுதி முடித்தது.