கரிசலும் கணிப்பொறியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி கட்டடம் கட்டுவோருக்கு எளிதில் இணங்குவதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்துப் பருக்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமில்லாத கடைக்கால் அந்த அசைவைத் தாங்காது. சுவர் விரிசல் காணும்.

அண்மையில் நம் மஹல்லாப் பள்ளிவாசலை விரித்துக் கட்ட எண்ணியபோது, பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர் கணிப்பொறியில் வரைபடத்தைக் காட்டினார். மினாராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அஸர் நேரத்து வெயில் எங்கே விழும் என்பதும் தெரிந்தது. கிப்லாவையும், மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகை என்று அது கணித்துத் தந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் கேட்டார்: "தம்பி, இந்தப் பெட்டிக்கு நம்ம மண்ணு தெரியுமா?"

"நாம சொன்னாத்தான் தெரியும், மாமா" என்றார் இளைஞர்.

கணக்கு நமக்கு அந்நியமன்று. கணிப்பொறி இயங்கும் முறைக்குரிய 'அல்காரிதம்' என்னும் சொல்லே, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. கஸ்னா நகரின் கிப்லாவைக் கணித்தவர் அல்பிரூனி. நம் காலத்தில், 1929இல் டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்தார். கணிப்பொறியைக் கட்டடக் கலைக்குள் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் அவர். ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்திலும் அவர் பங்கு பெரிது. அங்கே விரிந்திருக்கும் 210 கூடார விதானங்களின் வளைவையும் இழுவிசையையும் கணித்தது கணிப்பொறி. ஆனால் பாலையில் கூடாரமே நிழல் தரும் என்ற அறிவு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பதவிகளுடையது அன்றோ?

கரிசலுக்கும் அத்தகைய அறிவு உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், இத்தகைய மண்ணை ஆராய்ந்து, அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அடித்தளத்தை வகுத்தளித்தது. ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில், ஈரம் ஏறி இறங்கும் அடுக்குக்கும் கீழே அது ஊன்றி நிற்கும். எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை அந்தந்த இடத்து மண்ணே சொல்ல வேண்டும்.

மண் பரிசோதனை வீண்செலவு என்றோரும் ஜமாஅத்தில் இருந்தனர். தீப்பெட்டி ஒட்டிய கைகள் வாரந்தோறும் சேர்த்துத் தந்த காசு அது, ஓர் அமானத்து. ஐந்தாண்டில் விரிசல் விடும் சுவரில் அதைக் கொட்டுவதே வீண்செலவு. இறுதியில் மண்ணைத் தோண்டிப் பார்த்த பின்பே வரைபடம் என்று முடிவாயிற்று.

நம் பிள்ளைகள் கணிப்பொறியில் வரையக் கற்கட்டும். வரையுமுன் நிலத்தில் இறங்கி, அங்கே வாழ்ந்த பெரியவர்களிடம் நாலு வார்த்தை கேட்கவும் நாம் அவர்களைப் பழக்குவோமாக.