ஈசானிய மூலை சரி, தாழ்வான மூலை?

பள்ளிக்கரணைப் பக்கம் ஃபிளாட் தேடறவங்க முதல்ல கேக்கறது மூணு: சிஎம்டிஏ அப்ரூவல் இருக்கா, ரெரா நம்பர் இருக்கா, பேங்க் லோன் கிடைக்குமா? கேக்க வேண்டியதுதான். ஆனா மூணுமே காகிதத்தோட பலத்தைத்தான் சொல்லும். டிசம்பர் மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்னு சொல்லாது. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி அப்ரூவல் பார்த்து உள்ளே வரலை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது 2022ல, சுமார் 1,248 ஹெக்டேர். 2025 செப்டம்பர்லதான் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியற வரைக்கும் சதுப்புலயும் சுத்தி ஒரு கிலோமீட்டர்லயும் புது அனுமதி வேண்டாம்னு சொல்லுச்சு. சதுப்போட எல்லை தெளிவாகறதுக்கு முன்னாடியே வீடுங்க வந்தாச்சு.

"ஓஎம்ஆர்ல வேலை, அடையாறுல விலை கேக்கவே பயமா இருக்கு, நடுத்தரக் குடும்பம் வேற எங்க போகும்?" நியாயம்தான். அதனாலதான் எல்லையை முதல்ல வரையற பொறுப்பு அரசோடது. வாங்கறவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. ஆனாலும் நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. ஈசானிய மூலையை அங்குல அளவுல பார்ப்போம், ஊரோட தாழ்வான மூலை எதுன்னு கிராம வரைபடத்தைப் புரட்ட மாட்டோம்!

அனுமதி கொடுத்தவர், கடன் கொடுத்தவர், கட்டி வித்தவர்… தண்ணி வந்தா இஎம்ஐ-ல பங்கு யாருக்கு?