பேட்டரி இல்லாத ரேடியோ

நான் இப்போது இருக்கும் ஸ்டுட்கார்ட்தான் காஸ்மோஸ் நிறுவனத்தின் ஊர். 1934-லேயே ‘ரேடியோமான்’ என்ற பெட்டியை விற்று, பிள்ளைகளை வீட்டில் உட்கார்ந்து வானொலி செய்ய வைத்தவர்கள். இன்றைய பெட்டி ஒன்றை மகனுக்கு வாங்கினேன். சுடாது, கையைக் கிழிக்காது, பாகம் பிசகாது. சாப்பாட்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டான்.

திருச்சியில் எங்களுக்கு ஏது பெட்டி? ரிப்பேர் கடையில் கழித்துப்போட்ட ரேடியோதான் பெட்டி. கடைக்கார மாமா கேங் கண்டன்சரைக் கழற்றித் தருவார். மாத்திரை டப்பாவில் எனாமல் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். கை நழுவினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். முனையை பிளேடால் சுரண்டினால் செம்பு மினுங்கும். நெல்மணி அளவில் கண்ணாடி ஓஏ79 டையோடு. உங்களில் சிலருக்கு இதைப் படிக்கும்போதே விரல்நுனி சுடும், இல்லையா?

“ஈயத்த சூடு பண்ணாதடா, கம்பியச் சூடு பண்ணு. ஈயம் தானா ஓடி வரும்.”

அந்தக் குரல் போயிற்று. பேஸ்ட் புகையும் வாசனை போயிற்று. டிகிரி காட்டும் சால்டரிங் ஸ்டேஷன் இன்று என் மேசையில் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நின்று அதட்டத்தான் ஆளில்லை.

மொட்டை மாடியில் ஏரியல், கிணற்றடிக் குழாயில் எர்த். பேட்டரி கிடையாது; ஒலிபரப்புக் கோபுரம் அனுப்பும் அலையின் சக்தியே காதில் ஒலியாக விழ வேண்டும். இயர்போனைச் செருகிக்கொண்டு, அம்மா காபிக்குக் கூப்பிடுவது கேட்காதவன்போல், கேங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி நிலையம் வந்து உட்காரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, டெல்லிச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும் அந்த நொடி... அவ்வளவுதான். வேறென்ன வேண்டியிருந்தது?

அவரும் 2022-இல் போய்விட்டார். பழைய பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, சுத்தமாக, இரைச்சல் இல்லாமல். எனக்கு அந்த இரைச்சலும் வேண்டும்.

இங்கே மறுபடி ஒன்று செய்யலாம் என்றால், ஜெர்மன் பொது வானொலியின் கடைசி மத்திய அலை ஒலிபரப்பும் 2015 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. உங்கள் ஊரில் மத்திய அலை இன்னும் வருகிறதென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எனாமல் கம்பி வாங்குங்கள்.