எமது முதற் காய்கறித் தோட்டம்

ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய ஆண்டின் மாசியிலே, வீட்டு வளவின் செம்பாட்டு மண்ணில் நான்கு பாத்தி கட்டினோம். நுவரெலியாவிற் கண்ட கோவாவும் லீக்சும் எம் மனத்தைக் கவர்ந்திருந்தன. அன்னையாரோ, "தம்பி, நாளும் எங்கள் சட்டியில் ஏறுவதை நடு" என்றார். யாம் கேட்டிலேம். கோவாவுக்கு இங்கு உகந்த காலம் குளிர்ந்த மாரியே என்பதையும் அறிந்திலேம். பங்குனி வெயிலில் மூன்று பாத்திகள் கருகின. ஓரத்துப் பாத்தியில் அன்னையார் தூவிய முளைக்கீரை மட்டும் நான்கு கிழமையிற் கறியாயிற்று.

அடுத்த மாரிக்கு அவர் சொற்படி கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் இட்டோம். அவை காய்த்தபோது உண்பதற்கு அவர் இருந்திலர்.

தோட்டம் தொடங்கும் மாணாக்கர்க்கு இன்று யாம் கூறுவது இதுவே: மண்ணையும் மாரியையும் அடுக்களையையும் கேட்டபின் விதையைத் தேர்க. வீட்டிலே மூத்தோர் இருப்பின், அவரை முதலிற் கேட்க.