பாத்திரத்துக்கும் ஒரு மணை

பெங்களூர் ஜெயநகரில் ஒரு பழைய வீடு. இரவு எட்டரை மணி. சாப்பாட்டு மேஜையின் நடுவே பழுத்த மிளகாய்ச் சிவப்பில் ஒரு பாத்திரம் ஆவி பறக்க இருக்கிறது. உள்ளே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மூடி தலையில் இல்லை, காலடியில் இருக்கிறது. பாத்திரம் தன் மூடியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மேஜையைச் சுற்றி மூன்று பேர்: ஓய்வு பெற்ற கணவர், பொறியாளரான மகள், மூன்றாவதாக அந்த வீட்டு அம்மா.

இதில் என்ன செய்தி என்று கேட்கலாம். மூன்றாமவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் செய்தி.

கல்யாணமான நாளிலிருந்து 43 வருடங்கள் அவர் நின்றபடிதான் பரிமாறியிருக்கிறார். தோசை என்றால் அடுப்புக்கும் மேஜைக்கும் இடையே ஓயாத நடை. சோறு என்றால் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. எல்லோரும் கை கழுவிய பிறகு சமையல் மேடையிலேயே தட்டை வைத்து, மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுச் சாப்பிடுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வேலூர்ப் பக்கத்தில் அவருடைய அம்மா அப்படித்தான் சாப்பிட்டார், பாட்டியும் அப்படித்தான். எங்கும் நடப்பது என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் சொன்னபோதுதான், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்தாள். காற்றாலைத் தொழிலில் வேலை, ஆர்ஹஸ் நகரில் இரண்டு வருட வாசம். பெட்டியைத் திறந்தால் சாக்லெட் இருக்கும் என்று நினைத்த அப்பாவுக்கு ஏமாற்றம். துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்தவை மூன்று சாமான்கள்: ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், காபி போடும் ஒரு கண்ணாடிக் குடுவை, பழைய பொருள் சந்தையில் வாங்கிய அந்தச் சிவப்புப் பாத்திரம்.

''ஊரெல்லாம் எவர்சில்வர் இருக்க, ஆஸ்பத்திரி பேசின் மாதிரி எனாமல் சட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கியே பாப்பா!'' என்றார் அப்பா. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, ''ஐகியாவில் வாங்கினதா?'' என்று கேட்டார். 2022ல் நாகசந்திராவில் அந்தக் கடை திறந்ததிலிருந்து, நம் ஊருக்குப் பழகாத வடிவத்தில் எது கண்ணில் பட்டாலும் பெங்களூரில் இந்தக் கேள்விதான். ''அது ஸ்வீடன் ஆன்ட்டி, இது டென்மார்க்'' என்றாள் மகள். இரண்டும் ஒன்றுதானே என்பது போலத் தலையசைத்துவிட்டுப் போனார் அவர்.

ஒன்றல்ல. அதுவும் தமிழர்களுக்கு டென்மார்க் முற்றிலும் அந்நியமான தேசமும் அல்ல. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். மிளகுக்காக வந்து, 1845ல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருந்தார்கள். 1938ல் பம்பாயில் லார்சன் அண்டு டூப்ரோவைத் தொடங்கிய இருவரும் டென்மார்க்கின் பொறியாளர்கள்தான். ஆனால் உலகம் முழுவதும் அந்தச் சின்ன நாட்டின் பெயர் அடுப்படிக்குள் நுழைந்தது கப்பலாலோ கோட்டையாலோ அல்ல. கரண்டி, முள்கரண்டி, சட்டி, கிண்ணம் ஆகியவற்றால்.

கோபன்ஹேகனின் ராயல் அகாடமியில் 1924ல் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய கோர் கிளிண்ட், அலமாரி வரைவதற்கு முன்பு அதற்குள் வைக்க வேண்டிய பொருள்களை அளந்து பார்ப்பவர். முதலில் பொருளின் அளவு, பிறகு அலமாரியின் அழகு. இந்தப் பிடிவாதம் அடுத்த தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது. கை போயெசன் 1938ல் உருவாக்கிய சாப்பாட்டுக் கரண்டிகளில் பூ வேலைப்பாடு ஒன்றுமில்லை. வழவழப்பான வளைவு மட்டும்தான். 1951ல் மிலான் கண்காட்சியின் முதல் பரிசான கிராண்ட் ப்ரீ அவற்றுக்குக் கிடைக்க, அதுவே அந்தக் கரண்டிகளின் பெயராகவும் ஆகிவிட்டது.

சிவப்புப் பாத்திரத்தின் கதை 1954ல் தொடங்குகிறது. கோபன்ஹேகன் சென்ற அமெரிக்கத் தம்பதி டெட், மார்த்தா நீரன்பெர்க், அங்கே ஒரு மியூசியத்தில் தேக்குக் கைப்பிடி போட்ட ஒரு முள்கரண்டியைப் பார்த்தார்கள். செய்தவர் யென்ஸ் க்விஸ்ட்கார்ட் என்ற சிற்பி. அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டுச் சேர்ந்து, 'டான்ஸ்க்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டேனிஷ் மொழியில் டான்ஸ்க் என்றால் டேனிஷ் என்றே பொருள். கம்பெனி அமெரிக்காவில், வடிவம் டென்மார்க்கிலிருந்து. 1956ல் வந்த 'கோபன்ஸ்டைல்' பாத்திர வரிசை க்விஸ்ட்கார்டின் கைவண்ணம். ஜெயநகருக்கு வந்தது அதில் ஒன்று.

இரும்புத் தகட்டின் மேல் எனாமல் பூச்சு. ஆகையால் வார்ப்பிரும்பின் கனம் இல்லை. மூடியின் மேல் குமிழ் கிடையாது. பெருக்கல் குறி போலத் தட்டையாக ஒரு பிடி. ஏன் அப்படி என்று அம்மா கேட்டார். மகள் மூடியை எடுத்து மேஜையில் வைத்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்துக் காட்டினாள். மேஜை சுடவில்லை.

''அட, பிரிமணை!'' என்றார் அம்மா.

வைக்கோலையோ நாரையோ முறுக்கி வளையமாகச் சுற்றி, அடி உருண்டையான பானைக்குக் கீழே வைப்பார்களே, அந்தப் பிரிமணை. வேலூர் வீட்டில் ஒவ்வொரு பானைக்கும் ஒன்று இருந்தது. இந்த டேனிஷ் பாத்திரம் தன் மணையைத் தானே தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் இன்னொன்றும் ஒளிந்திருப்பது சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. மூடி அடியில் போய்விட்டால் குழம்பை மூடி வைக்க முடியாது. மூடாவிட்டால் ஆறும். ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட வேண்டும். ஆக, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒருவர் முதலில், ஒருவர் கடைசியில் என்ற பழக்கத்துக்கு இந்தப் பாத்திரம் ஒத்துவராது.

இது தற்செயலும் அல்ல. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வீடுகளில் வேலைக்காரர்கள் இல்லை. சமைப்பவரே விருந்தாளிகளுடன் உட்கார்ந்து பேசவும் வேண்டும். ஆகவே அடுப்பில் இருப்பதே மேஜைக்கு வர வேண்டும், அங்கே பார்ப்பதற்கும் லட்சணமாக இருக்க வேண்டும். கழுவ வேண்டிய சாமானில் ஒன்று குறையும், பரிமாற ஆளும் வேண்டாம். சமைத்தவருக்கும் ஓர் நாற்காலி உண்டு என்று வைத்துக்கொண்டு வரைந்த வடிவம் அது.

மற்ற இரண்டு சாமான்களின் கதி என்ன?

காபிக் குடுவை தோற்றது. 1944ல் கோபன்ஹேகனில் பீட்டர் போடம் தொடங்கிய நிறுவனம் பெயர் பெற்றுத் தந்த வகை அது. கொதிநீரில் தூளைப் போட்டு, நான்கு நிமிடம் விட்டு, வலையை அழுத்த வேண்டும். ஆனால் பெங்களூர்க் கடையில் சிக்கரி கலந்து அரைத்துத் தரும் ஃபில்டர் தூள் அதற்கு மிக நைசு. வலையில் அடைக்கிறது, கோப்பையில் வண்டல் தங்குகிறது. பாலைச் சேர்த்தால் காபி நீர்த்துப்போகிறது. அடுக்கு இரண்டு, துளைகள் சில, மின்சாரம் வேண்டாம், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் டிகாக்ஷன் தயார். நம் ஃபில்டரைவிடச் சுருக்கமாக ஒரு கருவியை டென்மார்க்கும் செய்துவிடவில்லை. குடுவையில் இப்போது சுக்கும் தனியாவும் கொதிநீரில் ஊறுகின்றன. கஷாயத்துக்கு வடிகட்டி தேட வேண்டியதில்லை.

கிண்ணம் பாதி ஜெயித்தது. ரோஸ்டி நிறுவனத்துக்காக பெர்னடோட், பியார்ன் இருவரின் ஸ்டூடியோ வடிவமைத்து, 1954ல் வெளிவந்த 'மார்க்ரெத்தே' கிண்ணம். பின்னாளில் ராணியான டேனிஷ் இளவரசியின் பெயர். ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் ஊற்ற மூக்கு, அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம். ஒரு கையால் வடை மாவு பிசைந்தாலும் மேடையில் நகராது. ஆனால் பெங்களூர்க் குளிரில் இட்லி மாவு புளிக்க அடுப்புப் பக்கத்துச் சூடு வேண்டும். மெலமைன் சூட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. மாவு பழைய எவர்சில்வர் தூக்கிலேயே பொங்கிக்கொண்டிருக்கிறது.

சிவப்புப் பாத்திரமும் குறையில்லாதது அல்ல. தகடு மெல்லிசு, பெரிய தீயில் வைத்தால் அடிப் பிடிக்கும். கைப்பிடியும் இரும்பு, துணி இல்லாமல் தொட முடியாது. வேலை செய்யும் பெண் முதல் வாரமே கம்பி நார் போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு மங்கியது. விளிம்பில் நகக்கண் அளவுக்கு எனாமல் பெயர்ந்தும்விட்டது. ''இதென்னம்மா, பாத்திரமா, கண்ணாடி வளையலா?'' என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எவர்சில்வரைக் கீழே போட்டால் சத்தம்தான் வரும்.

நம் ஊரில் வடிவமைப்பு இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. 1958ல் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் முதலிடத்தைச் சாதாரணச் சொம்புக்குத்தான் கொடுத்தார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. பெங்களூரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் டி.டி.கே. பிரெஸ்டீஜ் குக்கரின் மூடியைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சிறு திறப்பு. வெயிட் அடைத்து, சேஃப்டி வால்வும் கைவிட்டால், ரப்பர் வளையம் அந்த வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். மூடி பறக்காது. சமைப்பவளின் உயிரை நினைத்துச் செய்த ஒரு துளை.

உயிரை நினைத்தோம். நாற்காலியைத்தான் நினைக்கவில்லை. பானைக்குப் பிரிமணை செய்தோம். சாப்பிடுபவருக்கு மணைப் பலகை போட்டோம். சமைத்தவருக்கு எந்த மணையும் இல்லை.

சட்டி வந்ததும் எல்லாம் மாறிவிடவும் இல்லை. முதல் நாள் இரவு, குழம்பு எதிரில் இருக்க, கரண்டி அதிலேயே இருக்க, கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தானே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அம்மாவும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக. மகள்தான், ''அப்பா, கரண்டி உங்க பக்கம்தான் இருக்கு'' என்றாள். அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. துடைப்பதற்கு அம்மா எழப் போனபோது, ''உட்காரும்மா'' என்றார் கணவர். இருவரும் ஒரு கணம் தட்டையே பார்த்தார்கள்.

ஊரிலிருந்து நாத்தனார் வந்த வாரம் சிக்கல். ''அண்ணன் சாப்பிடும்போது நீயும் கூட உட்கார்ந்துக்கிறியா?'' என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரிப்பில் முள் இருந்தது. அன்று அம்மா எழுந்து நின்றே பரிமாறினார். மறுநாள் முழங்கால் வீங்கியது. அதற்கடுத்த நாள் நாத்தனாரே, ''வா அண்ணி, உட்காரு, நானும் ஊர்ல நின்னு நின்னுதான் இடுப்பொடிஞ்சு கிடக்கேன்'' என்றார்.

மகள் வேலைக்குப் பக்கமாக ஒயிட்ஃபீல்டில் தனியாக வீடு பார்த்திருக்கிறாள். சாமான் கட்டும்போது அந்தச் சிவப்புப் பாத்திரத்தை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போக நினைத்தாள். ''வேண்டாம் பாப்பா, நீ கொண்டு போ. எனக்கு என் எவர்சில்வரே போதும்'' என்றார் அம்மா. முந்தின வாரம் சிக்பேட்டைப் பாத்திரக் கடைகளுக்குப் போனபோது, மரத்தில் செய்த மணை இரண்டு வாங்கி வந்திருந்தார். குழம்புச் சட்டிக்கு ஒன்று, ரசச் சொம்புக்கு ஒன்று.

இரண்டுக்கும் மூடி இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் அந்த மூடிகளை அவர் சமையலறையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.